மூன்று பேர் அணி, இரண்டு கட்டைவிரல்

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98 என்ற பழைய சண்டை வீடியோ கேமை இன்றைக்கு ஏறக்குறைய எந்தக் கையடக்கக் கருவியிலும் ஓட்டிவிடலாம். ஓட்டுவது வேறு, ஆடுவது வேறு. அந்த ஆட்டத்தின் கேட்ரிட்ஜ் 683 மெகாபிட், அதாவது சுமார் 85 மெகாபைட். 1998-ல் அது பூதம், இப்போது போனில் எடுக்கும் ஒரு சின்ன வீடியோ அளவு. படம், சத்தம், வேகம் எல்லாம் அப்படியே வந்துவிடுகிறது. ஆனாலும் காசு போட்டு ஆடும் ஆர்க்கேட் மெஷினில் பழகிய ஒருவர் அதையே சின்னக் கருவியில் எடுத்து ஆடினால், ஐந்தே நிமிடத்தில் "ஏதோ சரியில்லையே" என்பார். குட்டித் தாவல் போட நினைத்தால் முழுத் தாவல் வருகிறது, உருண்டு தப்பிக்கப் பார்த்தால் வெறும் குத்து வருகிறது. உடனே கருவி மட்டம், எமுலேட்டர் (பழைய மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள்) மட்டம், இல்லையென்றால் நமக்கு வயசாகிவிட்டது என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் இது எதுவுமே இல்லை. இந்த ஆட்டத்தின் எலும்புக்கூடே மணிக்கட்டால் ஆட்டும் ஒரு ஜாய்ஸ்டிக்கை நம்பி கட்டப்பட்டது. அதைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவருவது எப்படி என்ற கேள்விக்கு இதுவரை வந்த பதில்களில் உருப்படியானது, என்னைக் கேட்டால், 1999 வாக்கில் இரண்டே பட்டன் வைத்த ஒரு குட்டிக் கருவியில் வந்துவிட்டது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். எஸ்என்கே நிறுவனம் 1994-ல் தன் நியோ ஜியோ மெஷினுக்காக வெளியிட்டது கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 94. ஃபேட்டல் ஃப்யூரியிலிருந்து டெர்ரியும் ஆண்டியும் ஜோவும், ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கிலிருந்து ரியோவும் ராபர்ட்டும், இகாரி வாரியர்ஸ் என்ற சுடும் ஆட்டத்திலிருந்து ரால்ஃபும் கிளார்க்கும், சைக்கோ சோல்ஜரிலிருந்து அத்தீனாவும் என்று சொந்த வீட்டு ஆட்களை எல்லாம் ஒரே மேடையில் ஏற்றினார்கள். கியோ மாதிரி சில புதுமுகங்களும் உண்டு. எட்டு அணிகள், அணிக்கு மூன்று பேர், மொத்தம் 24 பேர். ஆளைக் கலைத்து நம் இஷ்டத்துக்கு அணி சேர்க்கும் வசதி அதில் இல்லை, அது அடுத்த வருடம் 95-ல்தான் வந்தது. அதன்பிறகு வருடத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது.

அணி ஆட்டம் என்றவுடன் பலருக்கு மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2 ஞாபகத்துக்கு வரும். அதில் சண்டை நடக்கும்போதே ஆள் மாற்றலாம், வெளியே நிற்பவரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லலாம், திரை முழுக்க ஒரே கலவரம். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் அந்த வகை இல்லை. இங்கே ஆட்டத்துக்கு முன்பே யார் முதலில், யார் நடுவில், யார் கடைசியில் என்று வரிசை கொடுத்துவிட வேண்டும். ஒருவர் விழுந்தால் அவர் கதை அவ்வளவுதான், அடுத்தவர் வருவார். ஜெயித்தவர் மிச்சமிருக்கும் உயிரோடு தொடர்வார், கடிகாரத்தில் நேரம் எவ்வளவு மிச்சம் வைத்து முடித்தாரோ அதைப் பொறுத்து கொஞ்சம் உயிர் திரும்பக் கிடைக்கும். 94 முதல் 98 வரை இன்னொரு வேடிக்கையும் உண்டு. தலை சுற்றி நிற்கும்போதோ எதிரியின் பிடியில் சிக்கியிருக்கும்போதோ, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தன் அணிக்காரர் குதித்து வந்து ஒரு அடி கொடுத்துக் காப்பாற்றுவார், அதுவும் நேரம் காலம் கூடி வந்தால்.

ஆக, மூன்று பேருக்கு மூன்று பேர் என்றால் அதிகபட்சம் ஐந்து ரவுண்டு (இருவரும் ஒரே நேரத்தில் விழுந்தால் இன்னும் குறையும்). ஒவ்வொரு ரவுண்டும் 60-லிருந்து இறங்கும் கடிகாரம். கையடக்கக் கருவிக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்: எங்கேயாவது காத்திருக்கும் நேரத்தில் ஒரு முழு ஆட்டம் முடிந்துவிடும், முடியாவிட்டாலும் நிறுத்த இயல்பான இடங்கள் நடுவில் நிறைய.

இந்த வரிசை வெறும் அலங்காரம் இல்லை. 98-ல் அட்வான்ஸ்டு முறையை எடுத்துக்கொண்டால், முதல் ஆள் மூன்று ஸ்டாக் (பெரிய அடிக்குச் செலவாகும் சக்தித் துண்டு) வரைதான் சக்தி சேர்க்க முடியும். அவர் தோற்றதும் வரம்பு நான்காகும், இரண்டாமவரும் தோற்றால் ஐந்து. சேர்த்த ஸ்டாக் அடுத்த ஆளுக்குப் போகும். அதனால் ஸ்டாக் இல்லாமலே சமாளிக்கக்கூடிய, அடித்து அடித்து கேஜை (சக்தியின் அளவைக் காட்டும் பட்டை) நிரப்பித் தரக்கூடிய ஆளை முதலில் போடுவார்கள், வாரி இறைத்தால்தான் பலன் தரும் ஆளைக் கடைசியில் போடுவார்கள். ஒருவர் சிக்கனமாகச் சேர்த்துவைக்க இன்னொருவர் செலவழித்துத் தீர்க்கும் குடும்பம் மாதிரிதான். கடைசி ஆள் ஒருவரே எதிரணி மூன்று பேரையும் வீழ்த்தும் ஆட்டங்கள் நடப்பது இதனால்தான், அதிர்ஷ்டத்தால் இல்லை.

சரி, இப்போது கட்டைவிரலுக்கு வருவோம்.

96-ல் எஸ்என்கே இந்த ஆட்டத்தின் நடையையே மாற்றியது. அதுவரை முன்னால் ஒரு எட்டு, பக்கவாட்டில் ஒதுங்குதல் என்றுதான் இருந்தது. 96-ல் ஓடுவது வந்தது, ஒதுங்குவதற்குப் பதிலாக உருளுவது வந்தது, எல்லாவற்றுக்கும் மேல் குட்டித் தாவல் வந்தது. ஸ்டிக்கை மேலே தட்டிவிட்டு உடனே விட்டால் குட்டித் தாவல், பிடித்தே இருந்தால் சாதாரணத் தாவல். கீழே தட்டி மேலே போனால் தூரம் கூடும், அதிலும் தட்டிவிடுவது ஒரு வகை, பிடித்திருப்பது இன்னொரு வகை. ஆக நான்கு விதத் தாவல். நான்குக்கும் தனிப் பட்டன் கிடையாது. ஸ்டிக் மேலே எத்தனை ஃபிரேம் இருந்தது, அதற்கு முன் எங்கே இருந்தது என்பதை வைத்துத்தான் ஆட்டம் முடிவு செய்கிறது. ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய நொடியில் அறுபதில் ஒரு பங்கு, 17 மில்லிசெகண்டுக்கும் குறைவு. குட்டித் தாவலுக்கு உள்ள அவகாசம் அப்படிப்பட்ட சில ஃபிரேம்கள் மட்டும்.

இது இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆடவே முடியாதா என்றால், ஆடலாம், ஆனால் அது வேறு ஆட்டம். தாவி வரும் அடியை நின்றுகொண்டுதான் தடுக்க வேண்டும், தாழ்வாக வரும் உதையைக் குனிந்துதான் தடுக்க வேண்டும். முழுத் தாவல் உயரமாகப் போய் மெதுவாக இறங்குவதால் எதிரி பார்த்து எழுந்து நிற்க நேரம் உண்டு. குட்டித் தாவல் தலை மட்டத்திலேயே வந்து விழும், பார்த்த பிறகு யோசிக்க நேரமில்லை, முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். 96-க்குப் பிறகு வந்த கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் முழுவதும் இந்த ஊகத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆர்க்கேட் ஸ்டிக்கில் இதற்கு உதவுவது ஸ்பிரிங். மணிக்கட்டால் ஒரு சுண்டு, விட்டால் தானாக நடுவுக்கு வந்துவிடும். கையடக்கக் கருவியின் டி-பேடில் (நான்கு திசைக்கும் அழுத்தும் சிலுவை வடிவப் பட்டன்) அந்த வேலையை விரலே செய்ய வேண்டும், அழுத்தவும் வேண்டும், சரியான கணத்தில் எடுக்கவும் வேண்டும். அதுவும் நேர் மேலே இல்லை, முன்னோக்கிய மேல் மூலை. டி-பேடின் மூலை என்று தனியாக ஒன்றும் கிடையாது, மேல், முன் என்ற இரண்டு தொடுமுனைகளும் சேர்ந்து அழுந்துவதுதான் மூலை. டி-பேடு விறைப்பாக இருந்தால் மூலை கிடைக்காது, தளர்வாக இருந்தால் கேட்காத மூலையெல்லாம் கிடைக்கும். முன்னால் நடக்கும்போது கட்டைவிரல் இம்மியளவு மேலே சரிந்தால் போதும், எதிரியின் கையில் போய்த் தாவி விழுவீர்கள். சில கருவிகளில் டி-பேடுக்குப் பதில் நான்கு தனித்தனி பட்டன்கள். நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்-கான் கட்டுப்பாடு அப்படித்தான். அதில் தவறான மூலை குறைவு, ஆனால் அரைவட்டம் இழுக்கும் நகர்வுகளில் விரல் பட்டனுக்குப் பட்டன் குதித்துப் போக வேண்டியிருக்கிறது. 2019-ல் வந்த ஸ்விட்ச் லைட்டில் ஒழுங்கான டி-பேடு உண்டு.

வலது கைக்கு இன்னொரு சிக்கல். நியோ ஜியோவில் ஏ, பி, சி, டி என நான்கு பட்டன்: மெல்லிய குத்து, மெல்லிய உதை, பலத்த குத்து, பலத்த உதை. ஆர்க்கேடில் விரலுக்கு ஒரு பட்டன். கையடக்கக் கருவியில் நான்குக்கும் ஒரே கட்டைவிரல். தனித்தனியாக அழுத்துவதில் பிரச்சினை இல்லை. உருளுவதற்கு ஏ-யும் பி-யும் சேர்த்து, எதிரியைத் தூக்கி எறியும் அடிக்கு சி-யும் டி-யும் சேர்த்து என்று வரும்போதுதான் தொல்லை. பிளேஸ்டேஷன் வகை அமைப்பில் சதுரம் ஏ, பெருக்கல் பி, முக்கோணம் சி, வட்டம் டி என்று வைத்தால் முதல் இரண்டும் பக்கத்துப் பக்கம், கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கம், விரலைப் படுக்க வைத்தால் விழுந்துவிடும். 98-ல் மேக்ஸ் நிலைக்கு (ஸ்டாக்கைச் செலவழித்துச் சற்று நேரம் பலம் கூட்டிக்கொள்வது) ஏ, பி, சி மூன்றும் வேண்டும், விரலை வளைத்தால் ஓரளவு வரும். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 2002-க்கு வாருங்கள்: அதில் மேக்ஸ் நிலைக்கு பி-யும் சி-யும், காம்போ என்கிற தொடர் அடியின் நடுவிலேயே செய்யலாம், ஆட்டத்தின் உயிரே அதுதான். இந்த அமைப்பிலோ பி அடிமுனையில், சி உச்சியில், எதிரும் புதிருமாக. ஒரு கட்டைவிரலால் அதை அழுத்த விரலில் இன்னொரு மூட்டு வேண்டும். எனவே முதல் நாளே அமைப்புகளுக்குப் போய் இந்தக் கூட்டு அழுத்தங்களை எல், ஆர் பட்டன்களுக்கு மாற்றிவிடுங்கள், ஆட்டமோ எமுலேட்டரோ அனுமதித்தால். ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான்கு விரல் செய்த வேலையை ஒரு விரலுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் என்ன நியாயம் பேசுவது?

எஸ்என்கே ஆட்களுக்கே இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் 1998 அக்டோபரில் ஜப்பானில் வந்த நியோ ஜியோ பாக்கெட்டை அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். அடுத்த மார்ச்சில் கலர் திரையோடு வந்தது. 160-க்கு 152 பிக்சல் திரை, தாக்க இரண்டு பட்டன், இடது பக்கம் டி-பேடு இல்லை, மைக்ரோசுவிட்ச் வைத்த ஒரு குட்டி ஸ்டிக். ஒவ்வொரு திசைக்கும் 'கிளிக்' என்று ஒரு சத்தம், விரலுக்கு ஒரு சின்னத் தட்டு. அந்தத் தட்டு பெரிய விஷயம். நீங்கள் எந்தத் திசையில் இருக்கிறீர்கள், எப்போது வெளியே வந்தீர்கள் என்பதைக் கண்ணால் பார்க்காமலே விரல் தெரிந்துகொள்கிறது.

அதற்கு வந்தவை கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆர்-1, பிறகு ஆர்-2. முன்னது 97-ஐயும் பின்னது 98-ஐயும் அடியொற்றியவை. ஆர்க்கேட் படங்களைச் சுருக்கித் திணிக்காமல் ஆட்களைப் பெரிய தலை, குட்டி உடம்பு என்று புதிதாக வரைந்தார்கள். பார்க்கக் குழந்தைத்தனமாகத் தெரியும், ஆனால் கணக்கு இருக்கிறது. சண்டை ஆட்டத்தில் முக்கியம் தூரம், அதாவது இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை உடம்பு அகலம் இடம் இருக்கிறது என்பது. சின்னத் திரையில் ஆளை உயரமாக வரைந்தால் அந்த இடம் போய்விடும், இரண்டு பேரும் எப்போதும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நிற்பார்கள். உடம்பைக் குட்டையாக்கினால் ஓடவும் தாவவும் இடம் மிஞ்சும், தலை பெரிதாக இருப்பதால் யார் என்ற அடையாளமும் போகாது.

நான்கு பட்டனை இரண்டாக்கியது அதைவிடத் துணிச்சல். ஒன்று குத்து, ஒன்று உதை, தட்டினால் மெல்லியது, கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பலத்தது. இதில் இழப்பும் உண்டு. நீங்கள் தட்டுகிறீர்களா பிடிக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆட்டம் ஒரு கணம் காத்திருந்தாக வேண்டும். ஆனால் ஆட்டம் முழுவதையுமே அந்த நேரத்துக்கு ஏற்ப அளந்து வைத்ததால், ஆடும்போது அது தடையாகத் தெரிவதில்லை. அணி உண்டு, வரிசை உண்டு, கேஜ் உண்டு. 1999-லேயே இதே முறையில் எஸ்என்கே வெர்சஸ் கேப்காம்: மேட்ச் ஆஃப் தி மில்லேனியம் வந்தது. தனி ஆள், இருவர் மாறி மாறி, மூவர் அணி என மூன்று வகையிலும் ஆடலாம். இரண்டு பட்டனில் செய்த சண்டை ஆட்டங்களில் இதைவிட மேலானது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மற்ற முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டகாரா நிறுவனம் பழைய கேம் பாய்க்கு 95-ஐ இதே பெரிய தலை பாணியில் கொண்டுவந்தது, அந்த இயந்திரத்துக்கு அது ஆச்சரியமான வேலை. 2002-ல் கேம் பாய் அட்வான்ஸுக்கு இஎக்ஸ்: நியோ பிளட் வந்தது, அடுத்து இஎக்ஸ்2: ஹவ்லிங் பிளட். இங்கே ஆட்களை ஆர்க்கேட் தோற்றத்திலேயே வைக்கப் பார்த்தார்கள். 240-க்கு 160 பிக்சல் திரை, கேட்ரிட்ஜுக்கு அதிகபட்சம் 32 மெகாபைட் என்ற நெருக்கடியில் முதலாவது தடுமாறியது, இரண்டாவது எவ்வளவோ தேறியது. அந்த இரண்டாவதை வைத்தே 2005-ல் நோக்கியா என்-கேஜுக்கு எக்ஸ்ட்ரீம் என்று ஒன்று செய்தார்கள். என்-கேஜின் திரை 176-க்கு 208, நெடுக்குத் திரை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று சண்டை போடும் ஆட்டத்துக்கு அகலத்தைவிட உயரம் கூடிய திரை, இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சோனியின் பிஎஸ்பிக்கு வந்த ஓரோச்சி சாகா தொகுப்பில் 94 முதல் 98 வரை ஐந்து ஆட்டங்களும் இருந்தன. 2017-ல் ஸ்விட்ச் வந்த நாளிலேயே ஹாம்ஸ்டர் நிறுவனத்தின் ஏசிஏ நியோ ஜியோ வரிசையில் 98 கிடைத்தது. விட்ட இடத்தைச் சேமித்து வைக்கலாம், ஐந்து நிமிடத்தில் எவ்வளவு புள்ளி என்று பார்க்கும் கேரவன் முறையும் உண்டு.

திரையைப் பற்றி ஒரு கணக்கு. நியோ ஜியோவின் படம் 320-க்கு 224. ஒவ்வொரு பிக்சலையும் முழு எண்ணால் பெருக்கினால்தான் படம் கூர்மையாக இருக்கும். பிஎஸ்பியின் உயரம் 272, அதாவது 1.21 மடங்கு, எனவே திரையை நிரப்பினால் சில கோடுகள் தடிக்கும் அல்லது படம் மங்கும். ஸ்விட்ச்சின் 720-ல் மூன்று மடங்கு, 672, மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு. இப்போது நிறைய விற்கும் 3.5 அங்குல, 640-க்கு 480 ரெட்ரோ கருவிகளில் சரியாக இரண்டு மடங்கு, 640-க்கு 448, அகலம் துளி மிச்சமில்லாமல் நிரம்பும். விலை உயர்ந்த கருவியைவிட மலிவான ஒன்றில் பழைய ஆட்டம் பளிச்சென்று தெரிவதற்கு இதுதான் காரணம்.

நேரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. நியோ ஜியோ நொடிக்கு 60 படம் காட்டவில்லை, சுமார் 59.19. கருவியின் திரையோ சரியாக 60. ஒன்று, சுமார் ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை ஒரு படம் இரண்டு தடவை வந்து லேசாக இடறும். அல்லது ஆட்டத்தையே 1.4 சதவீதம் வேகமாக ஓட்டிச் சமன் செய்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே தெரியாது. தெரிந்தவர்களுக்குத் தூக்கம் வராது. இதைவிட உறைப்பது பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில் 2018-ல் வந்த ரன்-அஹெட் வசதி, அடுத்த சில ஃபிரேம்களை மறைவாக முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து அந்தத் தாமதத்தைக் குறைக்கிறது. ஒரே ஃபிரேமைப் பலமுறை கணக்கிடுவதால் சக்தி குறைந்த கருவி அதற்குத் திணறும். புளூடூத் ஹெட்போன் போட்டு ஆடினால் அடியின் சத்தம் அடி விழுந்த பிறகு வரும், அதற்கு மருந்து ஒயர் வைத்த ஹெட்போன்தான்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அணியைத் தேர்ந்தெடுக்கும்போது, யார் பலசாலி என்ற பட்டியலைவிட யார் உங்கள் கட்டைவிரலுக்கு ஒத்துவருவார் என்று பார்ப்பது புத்திசாலித்தனம். பின்னால் பிடித்திருந்து முன்னால் தள்ளும் சார்ஜ் வகை ஆட்கள் டி-பேடில் சுகமானவர்கள்: லியோனா, சாங். விரல் ஒரே இடத்தில் ஊன்றி நிற்பதால் வழுக்கல் குறைவு. முதல் ஆளாக இவர்களில் ஒருவரைப் போட்டால் தவறான தாவலால் உயிரை இழப்பது குறையும். கால்வட்டம் (வட்டத்தில் கால் பங்கு இழுப்பது) மட்டும் போதும் என்கிற டெர்ரியின் பர்ன் நக்கிள் மாதிரியான நகர்வுகளும் பரவாயில்லை. இயோரியின் பெரிய அடி, முன்னே கால்வட்டம் இழுத்து அங்கிருந்து பின்னே அரைவட்டம், நிதானமாகப் பழகினால் வரும், ஏனென்றால் விரல் டி-பேடின் அடிப்பக்கத்திலேயே போய் வருகிறது, மேல் பக்கம் போவதே இல்லை. இதற்கு நேர் எதிர் 96-ல் கீஸின் ரேஜிங் ஸ்டார்ம்: பின்-கீழ் மூலையில் தொடங்கி, பின்னே ஒரு அரைவட்டம், உடனே முன்-கீழ் மூலை. ஸ்டிக்கிலேயே முடிச்சு விழும் நகர்வு அது. டி-பேடில் அதை நம்பி அவரைக் கடைசி ஆளாக வைத்து, அது ஒருமுறைகூட வெளியே வராமல் தோற்பவர்களுக்கு என் அனுதாபம்.

தனியாக ஆடுபவர்களுக்கு இன்னொன்று. இவை காசு போட்டு ஆட எழுதப்பட்டவை, அதனால் கம்ப்யூட்டர் எதிரி நியாயமாக ஆட வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. 94-ல் கடைசி எதிரியான ருகால் ஒருமுறை தோற்றுவிட்டு மேல்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வரும் இரண்டாவது சுற்றில், நீங்கள் எறியும் எதையும் அவர் முன்பே அறிந்தவர் போல ஆடுவார். அங்கே ஊகம் பலிக்காது. அப்போது சேமித்த இடத்திலிருந்து திரும்பத் திரும்பத் தொடங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை, மெஷினில் அதற்குத்தான் காசு வாங்கினார்கள். மனித எதிரி வேண்டுமென்றால் ஆர்-2-வும் மேட்ச் ஆஃப் தி மில்லேனியமும் 2021-ல் நியோ ஜியோ பாக்கெட் கலர் செலக்‌ஷன் என்ற தொகுப்பில் ஸ்விட்ச்சுக்கு வந்துவிட்டன. ஒரே கருவியை மேசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு ஜாய்-கானைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஆடலாம். அந்தக் குட்டிக் கட்டுப்பாட்டில் 98-ஐ ஆடுவது தண்டனை. இரண்டு பட்டன் ஆட்டங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன, கிளிக் சத்தம்தான் இல்லை.